அரிசி ஆலைக்கு அடியில் போட்ட ஜியோகிரிட்: எங்கே கை கொடுக்கும், எங்கே கொடுக்காது

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு அஸ்திவாரம் வடிவமைத்து, வேலை முடியும்வரை கூடவே நின்றேன். தூண்களின் சுமையை மண்ணுக்கு இறக்கும் அகலமான அடிப்பாகங்களான ஃபூட்டிங்குகளுக்கு அடியில் இறுக்கிய ஜல்லிப் படுகை (குஷன்) போட்டு, அதற்குள் ஜியோகிரிட் என்ற பிளாஸ்டிக் வலையை மூன்று அடுக்காக விரித்திருக்கிறோம். ஆலை ஒரு சம்பா சீசன் முழுக்க ஓடிவிட்டது. அந்தப் பக்கம் மில்லோ குடோனோ கட்டப்போகிறவர்கள் "இந்தப் பிளாஸ்டிக் வலை உண்மையிலேயே தாங்குமா சார்?" என்று போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி பதில்தான் சொல்ல முடிகிறது. முழுசாக எழுதிவிடுகிறேன்.

நாங்கள் வாங்கியது பாலிபுரொப்பிலீனில் செய்த இருதிசை ஜியோகிரிட், 30/30 ரகம். ஒரு மீட்டர் அகலத் துண்டை இழுத்தால் இரண்டு பக்கமும் 30 கிலோநியூட்டன், அதாவது சுமார் 3 டன் வரை அறுந்துபோகாது என்பது அந்த எண்ணின் பொருள். ரோல் அகலம் 3.9 மீட்டர், நீளம் 50 மீட்டர். கண் அளவு 40 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எங்களுக்குச் சதுர மீட்டர் 85 ரூபாய் விழுந்தது. வரியும் லாரி வாடகையும் தனி. கம்பெனி பெயர் இங்கே அவசியமில்லை. ஒரே முறையில் செய்த 30/30 ரகங்களுக்குள் பெரிய வித்தியாசம் நான் பார்த்ததில்லை. எப்படிப் போடுகிறோம், எதற்காகப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் மண். டெல்டாவின் கடைமடைக்கே உரிய மண்தான். மேலே ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக வெயிலில் காய்ந்து இறுகிய பழுப்புக் களி. அதற்குக் கீழே சுமார் 6 மீட்டர் ஆழம்வரை சாம்பல் நிறத்தில் வழவழவென்று மென்களி. போர் போட்டபோது N வேல்யூ (சோதனைக் குழாயை 30 சென்டிமீட்டர் இறக்க எத்தனை சுத்தியல் அடி தேவை என்ற எண்) 4-ஐத் தாண்டவில்லை. ஆய்வகத்தில் அந்தக் களியின் வலிமை சதுர மீட்டருக்கு 2.5 டன் வந்தது. அதற்கும் கீழே ஓரளவு நெருக்கமான மணல். களிக்கு நடுவே அங்கங்கே மெல்லிய மணல் படலங்கள் இருந்ததை போர் மாதிரிகளில் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. அந்தப் படலங்கள் பின்னால் பெரிய உதவி செய்தன.

இந்தக் களியில் சதுர ஃபூட்டிங் வைத்தால் அது தாங்கும் உச்சம், களியின் வலிமையைப்போல் ஏறக்குறைய 7 மடங்கு. அதாவது சதுர மீட்டருக்கு 17 டன் சொச்சம். பாதுகாப்புக்காக 3-ஆல் வகுத்தால் 6 டன்கூட வராது. ஆலைக் கட்டடத்தில் 24 தூண்கள். இயந்திரங்களைச் சேர்த்து ஒவ்வொன்றிலும் 30 டன் இறங்குகிறது. கன்வேயர் குழியும், நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் குழியும் நெருக்கிக்கொண்டு நின்றதால் ஃபூட்டிங்கை 1.8 மீட்டர் சதுரத்துக்கு மேல் விரிக்க வழியில்லை. கணக்கு போட்டால் சதுர மீட்டருக்கு 9 டன்னுக்கு மேல் வருகிறது. 6 தாங்கும் மண்ணில் 9-ஐ வைக்க முடியாது.

ஃபூட்டிங்கை அகலமாக்க இடம் இருக்கிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். அகலமாக்கிவிடுங்கள். டெல்டாவில் பாதிக் கட்டடங்களுக்கு அதுவே போதும், ஜியோகிரிட் தேவையே இல்லை.

எங்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, 9 மீட்டர் ஆழத்துக்கு பைல் (மண்ணுக்குள் இறங்கும் கான்கிரீட் தூண்) போட்டு மணலில் ஊன்றுவது. மற்றொன்று, ஃபூட்டிங்குக்குக் கீழே களியை வெட்டி எடுத்துவிட்டு, ஜல்லி குஷன் வைத்து, அதை ஜியோகிரிட்டால் கட்டிப்போடுவது. ஆலை முதலாளி பைல் கொட்டேஷனைப் பார்த்துவிட்டு, "தம்பி, பூமிக்கு மேல வர்றதுக்கு முன்னாடியே என் காசு எல்லாம் பூமிக்குள்ள போயிடும் போலிருக்கே" என்றார். இரண்டாவது வழிக்குக் கணக்கு போட்டேன்.

குஷன் கனம் 90 சென்டிமீட்டர். 9 டன் அழுத்தம் ஜல்லிக்குள் இறங்கும்போது பக்கவாட்டில் விரிகிறது. இரண்டு பங்கு இறங்கினால் ஒரு பங்கு விரியும் என்று எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டாலும், குஷனின் அடியில் 1.8 மீட்டர் சதுரம் 2.7 மீட்டர் சதுரமாகிவிடுகிறது. அதே 30 டன் இப்போது 7.3 சதுர மீட்டரில் பரவி, களியின் தலையில் 4 டன் சொச்சமாகத்தான் உட்காரும். களி 6 தாங்கும். கூடவே குஷனின் சொந்த எடையும் இருக்கிறது. ஆனால் வெட்டி எடுத்த களியின் எடையை அது பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகிறது.

அப்படியென்றால் ஜல்லி மட்டும் போதாதா, வலை எதற்கு? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ரோல் வாங்கக் கூடாது. ஜல்லி இழுவையைத் தாங்காது. மேலே சுமை ஏறியதும் குஷனின் அடிப்பகுதி பக்கவாட்டில் விலகப் பார்க்கும். கீழே இருக்கும் மென்களி அதைப் பிடித்து நிறுத்தாது. அரிசியைத் தரையில் குவித்து மேலே ஏறி நின்றால் கால் புதைகிறது, அதே அரிசியைச் சாக்கில் கட்டி மேலே நின்றால் தாங்குகிறது, அவ்வளவுதான் விஷயம். ஜல்லியின் முனைகள் கிரிட்டின் கண்ணுக்குள் இறங்கிப் பூட்டிக்கொள்கின்றன. ஜல்லி விலக முயன்றால் கிரிட்டின் இழைகள் இழுபட்டு அதைத் திருப்பி இழுக்கின்றன. சுமை விரியும் என்று காகிதத்தில் எடுத்துக்கொண்ட கணக்கு மண்ணுக்குள்ளும் நடப்பதற்கு அந்த இழுவைதான் காரணம்.

இந்த யோசனை புதிதல்ல. மண்ணுக்குள் பட்டைகளைப் புதைத்து வலுவூட்டுவதை 1960-களில் பிரான்சில் ஆன்ரி விடால் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பெரும்பாலும் தடுப்புச் சுவர்களுக்குத்தான் அது பயன்பட்டது. ஃபூட்டிங்குக்குக் கீழே போட்டால் என்ன ஆகும் என்பதை முறையாகச் சோதித்தவர்கள் பின்கேயும் லீயும்; 1975-ல் வெளியிட்டார்கள். சிறிய மாதிரிச் சோதனைகள்தான். ஆனால் வலுவூட்டிய மண் எப்படியெல்லாம் தோற்கும் என்று அவர்கள் பிரித்துக் காட்டிய மூன்று விதங்களை இன்றைக்கும் சைட்டில் நின்றபடி நினைத்துக்கொள்கிறேன்.

முதல் விதம்: முதல் அடுக்கை அதிக ஆழத்தில் போட்டுவிட்டால், அதற்கு மேலே இருக்கும் மண்ணே வழுக்கிப் பக்கவாட்டில் பிதுங்கிவிடும். கீழே கிரிட் இருப்பது அந்த மண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஃபூட்டிங் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே முதல் அடுக்கு போனால் இந்த ஆபத்து. இரண்டாவது: அடுக்கு மேலேதான் இருக்கிறது, ஆனால் நீளம் போதவில்லை, அல்லது அடுக்குகள் குறைவு. அப்போது கிரிட் அறுபடாமல் மண்ணிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். மூன்றாவது: எல்லாம் சரியாக இருக்கிறது, அடுக்குகளும் நிறைய, ஆனால் இழைக்கு வலு போதவில்லை. அறுந்துவிடும்.

கடைக்காரர் உங்களிடம் சொல்லும் 30, 40, 60 என்ற எண்கள் மூன்றாவது தோல்வியை மட்டும்தான் தடுக்கும். முதல் இரண்டையும் தடுப்பது போடுகிற இடமும் நீளமும். 60/60 வாங்கி ஒரு மீட்டர் ஆழத்தில் ஒரே அடுக்காகப் போட்ட காம்பவுண்டுச் சுவர் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். சுவரின் ஃபூட்டிங் அகலம் வெறும் 60 சென்டிமீட்டர். மூன்றில் இரண்டு பங்கு என்றால் 40 சென்டிமீட்டர்தான். அந்தச் சுவரைப் பொறுத்தவரை ஒரு மீட்டர் ஆழத்தில் கிடக்கும் விலை உயர்ந்த கிரிட்டும் ஒன்றுதான், அங்கே ஒன்றுமே இல்லாததும் ஒன்றுதான்.

எங்கள் ஆலையில் முதல் அடுக்கு ஃபூட்டிங்குக்கு 30 சென்டிமீட்டர் கீழே, இரண்டாவது 60-ல், மூன்றாவது 90-ல் குஷனின் அடியில். வேலை ஆரம்பித்த அன்றே மேஸ்திரி, "சார், மூணையும் அடியிலேயே ஒண்ணு மேல ஒண்ணா விரிச்சிட்டா வேலை சட்டுனு முடிஞ்சிடுமே" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நடுவில் ஜல்லி இல்லாமல் மூன்று வலையும் ஒட்டிக் கிடந்தால் கண்ணுக்குள் ஜல்லி பூட்டாது என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. ஒரு துண்டு கிரிட்டை விரித்து, மேலே அரை அடி ஜல்லி போட்டு, ரேமரால் (ஜல்லியைக் குத்தி இறுக்கும் கருவி) குத்திவிட்டு, ஓரத்தைப் பிடித்து இழுக்கச் சொன்னேன். அவரும் இரண்டு ஆட்களும் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. பக்கத்திலேயே ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்ட இரண்டு துண்டுகளில் மேலே இருந்ததை ஓர் ஆளே உருவிவிட்டார். அதற்கப்புறம் அடுக்கு இடைவெளியை அவரே டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்.

நீளத்துக்கு வருகிறேன். ஒமர், தாஸ், பூரி, யென் ஆகியோர் 1993-ல் வெளியிட்ட மணல் சோதனைகளில், சதுர ஃபூட்டிங்குக்கு முழுப் பலனும் கிடைக்கக் கிரிட் அகலம் ஃபூட்டிங்கைப்போல் 4.5 மடங்கு வேண்டும் என்று வந்தது. எங்கள் அளவுக்கு அது 8 மீட்டர். ஆலை முழுவதையும் ஒரே குழியாகத் தோண்ட வேண்டியிருந்திருக்கும். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, ஜப்பானிய மண் பொறியியல் பேராசிரியர் தத்சுவோகாவும் ஹுவாங்கும் செய்த சோதனைகளில், ஃபூட்டிங் அகலத்துக்கே வெட்டிய குட்டை வலுவூட்டல்கூட நன்றாக வேலை செய்தது. ஃபூட்டிங்கும் அதன் கீழே வலுவூட்டிய மண்ணும் ஒரே கட்டியாக நடந்துகொள்வதால், ஃபூட்டிங்கையே கொஞ்சம் ஆழத்தில் வைத்த பலன் கிடைக்கிறது. முழுப் பலனுக்கு எவ்வளவு வேண்டும் என்பது ஒரு கேள்வி, நமக்கு வேண்டிய பலனுக்கு எவ்வளவு போதும் என்பது வேறு கேள்வி. நாங்கள் ரோலின் அகலத்தையே எடுத்துக்கொண்டோம்: 3.9-க்கு 3.9. ஃபூட்டிங்கைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம். ஒட்டு இல்லை, ஓவர்லாப் இல்லை. ஒரு ரோலில் 12 துண்டுகள், 24 தூண்களுக்கு மூன்று அடுக்கு வீதம் 72 துண்டுகள், 6 ரோல். இதைவிடச் சுத்தமாக ஒரு கட்டிங் கணக்கு அமைவது கஷ்டம்.

பொருளைப் பற்றி. ரோல் வந்து இறங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது இழைகள் சந்திக்கும் முடிச்சு. இந்த ரகத்தை, துளையிட்ட பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி இரண்டு பக்கமும் இழுத்துச் செய்கிறார்கள். அதனால் முடிச்சு தனியாக ஒட்டப்பட்டதல்ல, அதே தகட்டின் மிச்சம். இழையைவிடத் தடிமனாக, நான்கு பக்கமும் சரிவாக இழைக்குள் இறங்கும். கட்டை விரலால் தடவினால் எங்கும் விளிம்பு தட்டாது. ஒரு குறுக்கு இழையை மட்டும் பிடித்துக் கட்டிங் பிளேயரால் இழுத்துப் பார்த்தேன். இழை நீண்டு வெளுத்ததே தவிர முடிச்சு பிரியவில்லை. பின்னல் ரகத்தில், அதாவது பாலியஸ்டர் நூலைப் பின்னி மேலே பூச்சு பூசியதில், இதே சோதனையைச் செய்தபோது நூல்கள் முடிச்சில் நகர்ந்தன. பாலியஸ்டர் கெட்ட பொருள் இல்லை. நீண்ட காலம் தொடர்ந்து இழுபடும் தடுப்புச் சுவருக்கு அதுதான் பொருத்தம். ஆனால் ஃபூட்டிங்குக்குக் கீழே ஜல்லியைப் பூட்டிப் பிடிப்பதற்கு எனக்குக் கெட்டி முடிச்சுதான் வேண்டும். தவிர, பாலியஸ்டருக்குச் சிமெண்டின் காரத்தன்மை ஆகாது. ஃபூட்டிங்குக்கு அடியில் போடும் கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு (பி.சி.சி.) மிக அருகில் அதைப் போட நான் யோசிப்பேன்.

டெஸ்ட் சர்ட்டிபிகேட்டில் அறுபடும் வலு 30 என்று இருக்கும் வரிக்குக் கீழே இன்னும் இரண்டு வரிகள் இருக்கும்: 2 சதவீதம் நீளும்போது எவ்வளவு, 5 சதவீதம் நீளும்போது எவ்வளவு. இந்த ரகத்தில் அவை 10 சொச்சமும் 21 சொச்சமும். உண்மையில் பயன்படப்போவது இந்த 10-தான். கிரிட் 10 சதவீதம் நீண்ட பிறகுதான் 30 கிடைக்கும் என்றால், அதற்குள் ஆலையின் எலிவேட்டர் சாய்ந்திருக்கும். அந்த இரண்டு வரிகள் இல்லாத சர்ட்டிபிகேட்டோடு வருகிற ரோலைத் திருப்பி அனுப்புங்கள்.

அப்புறம் ஜல்லி. கண் 40-க்குக் குறைவு என்று சொன்னேன் அல்லவா? சப்ளையர் முதல் லோடில் வெறும் 40 மில்லிமீட்டர் ஜல்லியை அனுப்பினார். அது கண்ணுக்குள் இறங்காமல் வலையின் மேலேயே உட்கார்ந்து உருண்டது. 40, 20, பாறைத்தூள் எல்லாம் கலந்த ஜி.எஸ்.பி. (சாலை அடித்தளத்துக்குப் போடும் கலவை ஜல்லி) வந்த பிறகுதான் வலையும் கல்லும் ஒன்றாயின. வெறும் ஆற்று மணலோ சவுட்டு மண்ணோ போட்டு மேலே 40 மில்லிமீட்டர் கண் உள்ள கிரிட்டை விரிப்பதில் பாதிப் பலன்கூட இராது. குஷனுக்கும் களிக்கும் நடுவே ஒரு ஜியோடெக்ஸ்டைல் துணி போட்டோம். அது இல்லாவிட்டால் மழைக்காலத்தில் களி மேலே ஏறி ஜல்லியின் இடுக்குகளை நிரப்பி எல்லாவற்றையும் வழுக்கலாக்கிவிடும்.

விரிப்பதில் ஒரு தொல்லை உண்டு. ரோல் சுருண்ட நினைப்பிலேயே இருக்கும். வெட்டி விரித்த துண்டு ஓரத்தில் எழும்பி எழும்பிச் சுருளும். நடுவில் தொய்வு நின்றுவிட்டால், முதலில் அந்தத் தொய்வு இழுபட்ட பிறகுதான் கிரிட் வேலைக்கே வரும். 8 மில்லிமீட்டர் கம்பியை வளைத்து ஆணி செய்து நான்கு பக்கமும் இழுத்து அடித்தோம். ஜல்லியை ஓரத்திலிருந்து கொட்டாமல் நடுவிலிருந்து வெளியே பரப்பினோம். அப்படிச் செய்தால் தொய்வு தானாக வெளியே தள்ளப்படும். கிரிட்டின் மேல் குறைந்தது 15 சென்டிமீட்டர் ஜல்லி விழும்வரை ஜே.சி.பி. சக்கரம் ஏறவே கூடாது. இந்த ஒரு விதியை ஆபரேட்டரிடம் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியது.

காலம் மிக முக்கியம். குழி ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து, கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டால் நிலத்தடி நீர் ஏறிக் குழி ஊற்றெடுக்கும். சித்திரை வெயிலிலேயே தோண்டி, தோண்டிய குழியை அன்றைக்கே ஜல்லி போட்டு மூடினோம். மென்களியை வெட்டித் திறந்து போட்டுவிட்டு ஆள் நடந்து மிதித்தால், சோதனையில் வந்த 2.5 டன் வலிமை அந்த மேற்பரப்பில் இருக்காது.

இப்போது, இந்தப் பொருளை விற்கிறவர்களோடு எனக்கு இருக்கும் சண்டைக்கு வருகிறேன். ஆலைக்குப் பக்கத்திலேயே 40-க்கு 18 மீட்டரில் நெல் குடோன். அதற்கும் தரைக்குக் கீழே இரண்டு அடுக்கு ஜியோகிரிட் போட்டுவிட்டால் "தாங்குதிறன் மூன்று மடங்காகும், தரை இறங்கவே இறங்காது" என்று விற்பனைப் பிரதிநிதி ஒருவர் முதலாளியிடம் எழுதியே கொடுத்துவிட்டுப் போனார். கூடவே படம் போட்ட கேட்லாக். மூன்று மடங்கு என்ற எண் முழுப் பொய்யில்லை. அமெரிக்காவில் டர்னர்-ஃபேர்பாங்க் ஆராய்ச்சி மையத்தில் ஆடம்ஸும் காலினும் பெரிய அளவில் செய்து 1997-ல் வெளியிட்ட சோதனைகளில், 2.5 மடங்குக்கு மேல்கூட வந்திருக்கிறது. ஆனால் அவர்கள் சோதித்தது ஒரு மீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள ஃபூட்டிங்குகளை, மணலில். 18 மீட்டர் அகலத்துக்குப் பரந்த நெல் மூட்டைச் சுமைக்கு, 5 மீட்டர் கன மென்களியில், அந்த எண் எந்த விதத்திலும் பொருந்தாது.

காரணம் எளிது. 1.8 மீட்டர் ஃபூட்டிங்கின் அழுத்தம் 3, 4 மீட்டர் ஆழத்துக்குள் தேய்ந்துவிடும். ஆலையின் தூண்கள் 5 மீட்டருக்கு ஒன்று. ஒரு தூணின் 30 டன்னை அதன் பங்கான 25 சதுர மீட்டரில் பரப்பினால் ஆழத்தில் களிக்கு வருவது வெறும் 1.2 டன். குடோனிலோ, நெல் மூட்டையை 5 மீட்டர் உயரம் அட்டி போட்டால் சதுர மீட்டருக்கு 2.5 டன்னுக்கு மேல். பார்ப்பதற்கு இயந்திரங்கள் நிறைந்த ஆலைதான் கனமாகத் தெரியும். களியின் கணக்கில் குடோன்தான் கனம். அந்த 2.5 டன் அகலமாக இருப்பதால் ஆழத்தில் தேய்வதும் இல்லை. மேலே வலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது களியின் அடிவரை போகும், களிக்குள் இருக்கும் நீரைப் பிழியும், தரை இறங்கும். இது தாங்குதிறன் விவகாரமே இல்லை; இறக்க விவகாரம். மேலே அரை மீட்டரில் கிடக்கும் கிரிட்டால் 4 மீட்டர் கீழே பிழிபடும் களியை ஒன்றும் செய்ய முடியாது.

தானியக் கிடங்கு என்றால் எனக்கு எப்போதும் கனடாவின் டிரான்ஸ்கோனாதான் நினைவுக்கு வரும். வினிபெக் அருகே 1913 அக்டோபரில், புதிதாகக் கட்டிய பெரிய கோதுமைக் கிடங்கு முக்கால் பங்குக்கு மேல் நிரம்பிய நிலையில் ஒரு மணி நேரத்துக்குள் ஓர் அடி இறங்கியது. பிறகு ஒரு நாளைக்குள் மெதுவாகச் சாய்ந்து ஏறக்குறைய 27 டிகிரியில் நின்றது. கான்கிரீட் உடையவில்லை. அடியில் இருந்த களிதான் பிதுங்கிவிட்டது. 60 மீட்டருக்குக் கிட்டே நீளமும் 23 மீட்டருக்கு மேல் அகலமும் கொண்ட ராஃப்ட், அதாவது கட்டடம் முழுவதுக்கும் அடியில் ஒரே பலகையாகப் போட்ட அஸ்திவாரம் அது. அந்த அகலத்துக்கு, மேலே எத்தனை வலை போட்டாலும் வழுக்கும் பாதை அதற்கு வெகு கீழே ஆழமான களி வழியாகத்தான் போயிருக்கும். முதலாளியிடம் அந்தப் பழைய புகைப்படத்தைக் காட்டியதும், "சரி தம்பி, குடோனுக்கு வலை வேண்டாம், வேற வழி சொல்லுங்க" என்றார்.

வேறு வழி, பொறுமைதான். குடோன் இடத்தில் 2.5 மீட்டர் உயரத்துக்கு மண் கொட்டி, நெல்லுக்கு முன்பாக மண்ணாலேயே களியை அழுத்தவிட்டோம். ஒரு வடகிழக்குப் பருவமழையிலிருந்து அடுத்த மழைவரை விட்டுவைத்தோம். களிக்குள் இருந்த மணல் படலங்கள் வழியாக நீர் வடிந்ததால் சீக்கிரமே இறங்கி அடங்கியது. நாலு அங்குலத்துக்கு மேல் போனது. படலங்கள் இல்லாத களியாக இருந்திருந்தால் செங்குத்து வடிகால் பட்டைகள் இறக்க வேண்டியிருந்திருக்கும். பிறகு மேல் மண்ணை அள்ளித் தளத்துக்கு மட்டம் செய்து தரை போட்டோம். அந்த நாலு அங்குலமும் கான்கிரீட் தரை போட்ட பிறகு இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்தப் பிரதிநிதி யோசித்திருக்க வேண்டும்.

பிளேட் லோடு டெஸ்ட் பற்றியும் ஒரு வார்த்தை. ஆலைக் குஷன் முடிந்ததும் 45 சென்டிமீட்டர் தகடு வைத்துச் சோதித்தோம். சுமை ஏற ஏறத் தகடு எவ்வளவு இறங்குகிறது என்று வரைந்த கோடு அழகாக நிமிர்ந்து போனது. அதை வைத்து யாரும் ஏமாற வேண்டாம். அந்தத் தகட்டின் அழுத்தம் அதன் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழம்வரைதான் போகும். அதாவது 90 சென்டிமீட்டர், சரியாகக் குஷனின் கனம். களியை அது தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தவிர, சில மணி நேரச் சோதனையில் களியிலிருந்து நீர் எங்கே வெளியேறப்போகிறது? ஜல்லி நன்றாக இறுகியிருக்கிறதா என்று பார்க்க அந்தச் சோதனை நல்லது. தாங்குதிறன் சான்றிதழாக அதை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

பலன் என்ன? தூண்களில் குறி வைத்து லெவல் எடுத்து வருகிறோம். சீசன் முடிந்தபோது அதிகம் இறங்கிய தூண் 16 மில்லிமீட்டர். பக்கத்துத் தூண்களுக்கு இடையே வித்தியாசம் 5-ஐத் தாண்டவில்லை. களிமண்ணில் தனி ஃபூட்டிங்குக்கு நம் இந்தியத் தர விதி ஐ.எஸ். 1904 விடும் எல்லை 75 மில்லிமீட்டர். இன்னும் கொஞ்சம் இறங்கும் என்று எனக்குத் தெரியும். அதற்கும் கணக்கில் இடம் வைத்திருக்கிறேன். எலிவேட்டர் நேராக நிற்கிறது, சல்லடை இயந்திரங்களின் அதிர்வில் ஒரு சுவரும் வெடிக்கவில்லை.

செலவுக் கணக்கு பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கிரிட்டுக்கு ஆனது வரியோடு ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். ஜல்லிக்கு ஐந்து லட்சத்தைத் தாண்டியது. டெல்டாவில் மலை ஏது? ஒவ்வொரு யூனிட்டும் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து லாரி ஏறி வர வேண்டும். ஆக, கிரிட் விலையில் ஐந்து, பத்து ரூபாய் பேரம் பேசுவதைவிட, குவாரி பக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்த முறையின் லாப நஷ்டத்தைத் தீர்மானிக்கும். எல்லாம் சேர்த்தும் பைல் கொட்டேஷனில் ஏறக்குறைய பாதியில் முடிந்தது.

மிச்ச ரகங்களில், ஜியோசெல்லை அடுத்த வேலையில் போட்டுப் பார்க்க ஆசை. தேன்கூட்டு வடிவில் விரியும் உயரமான பட்டைகள் அவை; ஜல்லியை நாலாபக்கமும் அடைத்துப் பிடிக்கும். சென்னை ஐ.ஐ.டி.யில் தாஷ், கிருஷ்ணசுவாமி, ராஜகோபால் மூவரும் மணலில் செய்து 2001-ல் வெளியிட்ட சோதனையில், வெறும் மணலின் உச்சத்தைப்போல் 8 மடங்கு சுமை ஏற்றியும் தெளிவான தோல்வி வரவில்லை. ஆனால் அப்போது ஃபூட்டிங் தன் அகலத்தில் பாதி அளவு இறங்கியிருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். கட்டடம் அதற்கு வெகு முன்பே பயன்படாமல் போயிருக்கும்.

லாரி வந்து திரும்பும் முற்றத்தில் மிச்சமான ரோல் துண்டுகளை விரித்து மேலே கிராவல் போட்டோம். அடைமழையிலும் லோடு லாரி புதையவில்லை. இந்தப் பொருளுக்கு இதைவிடச் சுலபமான வேலை கிடையாது, அங்கே கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

வீடு கட்டுகிறவர்கள் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். மாடி வீட்டுக்கு, மென்களி என்றால் முதலில் ஃபூட்டிங்கை அகலமாக்கிப் பாருங்கள். அது போதாமல் ஜல்லியும் பக்கத்தில் கிடைத்தால் ஜியோகிரிட் குஷன் நல்ல தேர்வு. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்து மழையில் உப்பும் கரிசல் என்றால் கதை வேறு. அங்கே பிரச்சினை மண் கீழே அமுங்குவது மட்டுமல்ல, வீட்டையே மேலே தூக்குவது. தூக்குகிற மண்ணுக்கு எதிராக ஜியோகிரிட் எதுவும் செய்யாது. அடியில் குமிழ் வைத்த அண்டர்-ரீம்டு பைலுக்குத்தான் போக வேண்டும்.